பாஸ்தா காய்கறி சூப்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி-பதில்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் சின்னப் பலசரக்குக் கடையிலும் இப்போது பாஸ்தா பாக்கெட் தொங்குகிறது. பாக்கெட்டின் பின்புறச் செய்முறை நம் தண்ணீரையும் நம் சந்தைக் காய்களையும் நினைத்து எழுதப்பட்டதல்ல. அதை அப்படியே பின்பற்றினால் சூப் கரிக்கும், பயறு வேகாது, பாஸ்தா கூழாகும். இந்த மூன்றையும் தவிர்ப்பது எளிது. தண்ணீரைப் பார்த்து எடுக்க வேண்டும், பாஸ்தாவை எப்போது போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பல இந்த இரண்டைப் பற்றியவைதான்.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

தண்ணீர் ஒன்றரை லிட்டர். பாஸ்தா 100 கிராம். சின்ன மக்ரோனி என்றால் 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர். சின்ன வெங்காயம் 12, அல்லது பெரிய வெங்காயம் ஒன்று. பூண்டு 6 பல். கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு நடுத்தரமாக ஒன்று, பீன்ஸ் 8, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, தக்காளி இரண்டு. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. நல்லெண்ணெய், கடலெண்ணெய் எதுவானாலும் சரி, ஆனால் நல்லெண்ணெயின் வாசம் சூப்பிலும் நிற்கும். மிளகு ஒரு தேக்கரண்டி, அப்போதுதான் இடித்தது. அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் மல்லித்தழை. உப்பின் அளவைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும்; காரணம் தண்ணீரைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

பாஸ்தாவைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று தோன்றும். கூட்டாதீர்கள். 100 கிராம் பாஸ்தா வெந்ததும் 200 கிராமுக்கு மேல் வந்துவிடும். சட்டிக்குள் இன்னொரு கைப்பிடி போனால் அது சூப் இல்லை, குழைந்த பாஸ்தா.

எந்த வரிசையில் செய்வது?

கனமான அடியுள்ள, மூன்று லிட்டராவது கொள்ளும் பாத்திரத்தை மிதமான தீயில் வைத்து எண்ணெய் ஊற்றுங்கள். நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு 4 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாற வேண்டாம், கண்ணாடிபோல் ஆனால் போதும். பூண்டைத் தட்டிப் போட்டு ஒரு நிமிடம். பூண்டு சிவந்துவிட்டால் கசப்பு இறங்கும், பிறகு அதை எடுக்க வழியில்லை.

கேரட், உருளை, பீன்ஸ் மூன்றையும் ஒரே அளவாக, கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிதாக நறுக்கிச் சேர்த்து 3 நிமிடம் புரட்டுங்கள். அளவு ஒன்றாக இருப்பது அழகுக்காக அல்ல. பெரிய துண்டு வேகும்வரை காத்திருந்தால் சின்னத் துண்டு கரைந்துவிடும். பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தால் இப்போது ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் தவறில்லை, கொதிவர 6, 7 நிமிடம் கூடுதலாகும். கொதி வந்ததும் பாதி மூடி 8 நிமிடம் வேகட்டும்.

உருளைத் துண்டைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். உடைந்தால் தக்காளியையும் முட்டைக்கோஸையும் போடும் நேரம். இரண்டு நிமிடம் கழித்து, சூப் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தாவைத் தூவிப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டுவதும் அடியில் பிடிப்பதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். பிறகு அவ்வப்போது கிளறினால் போதும். பாக்கெட்டில் 9 நிமிடம் என்று போட்டிருந்தால் 7-வது நிமிடம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடலாம், மீதியைச் சூப்பின் சூடே வேகவைத்துவிடும். மிளகு, எலுமிச்சை, மல்லி எல்லாம் அணைத்த பிறகு. ஆரம்பத்திலிருந்து சாப்பிட உட்காரும்வரை அரை மணி நேரம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சூப் வைக்கலாமா?

வைக்க வேண்டாம். குளிக்க, பாத்திரம் கழுவ என்று ஒரு தண்ணீர், குடிக்க என்று ஒரு தண்ணீர் வைத்திருக்கும் வீடுகளே இந்தக் கரையில் அதிகம். சூப்புக்குக் குடிக்கிற தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற ஊர் என்றால் அது, இல்லையென்றால் ஊற்றிலிருந்து குடத்தில் எடுத்து வந்த நல்ல தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். ஒன்றரை லிட்டர்தான் செலவு.

குழம்பில் தெரியாத உப்புத் தண்ணீர் சூப்பில் ஏன் தெரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. குழம்பில் புளியும் மிளகாயும் மசாலாவும் அதை மறைத்துவிடும். சூப்பின் முக்கால் பங்கு தண்ணீரே, மறைக்க அங்கே எதுவுமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்ற எண்ணமும் தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு பாத்திரத்திலேயே தங்கும். அதனால் கொதிக்கக் கொதிக்கக் கரிப்பு கூடத்தான் செய்யும். மூடாமல் 25 நிமிடம் கொதிக்கும் சட்டியில் கால் லிட்டர் தண்ணீராவது ஆவியாகும்.

இன்னொரு சிக்கல் கடினத்தன்மை. கெட்டிலின் அடியிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் அடையாளம். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயறு, காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பயறு மணிக்கணக்கில் கொதித்தும் தோல் பிரிந்து நடு வேகாமல் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பயறு பழசாக இருப்பது மற்றொரு காரணம்.

சந்தேகம் இருந்தால் சமைக்கப்போகும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வெறும் வாய்க்கு உப்பு தெரிந்தால் அது சூப்புக்கு ஆகாது. காய் கழுவ அந்தத் தண்ணீர் போதும்; கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில்.

அப்படியானால் உப்பு எவ்வளவு, எப்போது?

உப்பில்லாத நல்ல தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குத் தூளுப்பு ஒன்றரைத் தேக்கரண்டிவரை ஆகும். அதை ஒரே தடவையில் போடாதீர்கள். காய் வதக்கும்போது கால் தேக்கரண்டி, பாஸ்தா போடும்போது முக்கால், அணைக்கும் முன் ருசி பார்த்து மீதி. பாஸ்தா வேகும்போதே உப்பை உள்ளே வாங்கினால்தான் கடிக்கும்போது ருசி இருக்கும். வெந்த பிறகு போட்டால் தண்ணீர் கரிக்கும், பாஸ்தா சப்பென்று இருக்கும். கல்லுப்பு என்றால் அதே கரண்டியில் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். முழுக்கக் கரையும்வரை பொறுத்து ருசி பாருங்கள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது உப்புத் தண்ணீரைத்தான், உப்பை மட்டும் தனியாக அல்ல. உருப்படியான வழி, ஒரு டம்ளர் வெந்நீரும் உப்பில்லாமல் வேகவைத்த கைப்பிடி காயும் சேர்ப்பது. எலுமிச்சை இரண்டு சொட்டுக் கூடுதலாகப் பிழிந்தால் கரிப்பு நாக்கில் குறைவாகத் தெரியும்.

கடையில் எந்த பாஸ்தா வாங்குவது?

சூப்புக்கு ஸ்பூனில் அடங்கும் அளவு வேண்டும். சின்ன மக்ரோனி, சங்கு வடிவம், சின்னச் சுருள் நல்லது. பென்னே என்னும் சாய்வாக வெட்டிய குழாய் வடிவம் பெரிது, வீட்டில் அதுதான் இருந்தால் வேகும் நேரம் 2, 3 நிமிடம் கூடும். ஸ்பகெட்டியை இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒடித்துப் போடலாம்.

வடிவத்தைவிட மாவு முக்கியம். பாக்கெட்டின் பொருள் பட்டியலைப் படியுங்கள். ட்யூரம் கோதுமை ரவை என்று இருந்தால் வாங்குங்கள். மைதா என்று மட்டும் இருந்தால், அது வேறு பொருள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ட்யூரம் கெட்டியான கோதுமை. அதன் புரதம் வலை போல் நின்று மாச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கொதித்தாலும் வடிவம் நிற்கும். மைதா பாஸ்தா சீக்கிரம் குழையும், மாவைச் சூப்பில் கரைத்துவிடும். பார்வைக்கும் வித்தியாசம் உண்டு: ட்யூரம் பாஸ்தா தேன் கலந்த மஞ்சள், மைதா பாஸ்தா வெளிறிப்போய் இருக்கும். மைதா பாஸ்தாதான் கிடைத்தது என்றால் பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே கடித்துப் பார்க்கத் தொடங்குங்கள்.

சிறுதானிய பாஸ்தா போடலாமா?

போடலாம். தனியாக வேகவைத்து, பரிமாறும்போது மட்டும் சேருங்கள். கோதுமையின் ஒட்டும் புரதம் அதில் இல்லாததால் சூப்பிலேயே வெந்தால் உடைந்து கரைந்துவிடும்.

பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடிக்க வேண்டுமா, சூப்பிலேயே போடலாமா?

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் சூப்பிலேயே போடுங்கள். பாஸ்தாவிலிருந்து வெளியேறும் மாச்சத்து சூப்புக்குக் கொஞ்சம் உடம்பு கொடுக்கும், சோளமாவு கரைத்து ஊற்றத் தேவையிருக்காது. காயின் சாறும் பாஸ்தாவுக்குள் ஏறும். பாத்திரமும் ஒன்றுதான்.

ஆனால் கடலுக்குப் போனவர் எந்நேரம் கரைக்கு வருவார் என்று தெரியாத வீட்டிலும், பிள்ளைகள் ஆளுக்கொரு நேரம் டியூஷனிலிருந்து வரும் வீட்டிலும் தனியாக வேகவைப்பதே சரி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, நன்றாகக் கொதித்ததும் 100 கிராம் பாஸ்தா. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசி, அரைத் தேக்கரண்டி எண்ணெய் பிசறி மூடி வையுங்கள். வெறும் பாஸ்தாவுக்குக் குழம்பு சேர்த்துச் சாப்பிடுவதானால் அலசக் கூடாது, மேலிருக்கும் மாவுதான் குழம்பைப் பிடிக்கும். சூப்புக்கு அந்தப் பிடிப்பு வேண்டாம், அதனால் அலசலாம். பரிமாறும்போது கிண்ணத்தில் இரண்டு கரண்டி பாஸ்தா, மேலே கொதிக்கக் கொதிக்கச் சூப்.

வேகவைக்கும் தண்ணீரில் எண்ணெய் விட்டால் ஒட்டாது என்று பலர் செய்கிறார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே ஒட்டும். கிளறுவதுதான் மருந்து. வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அரை டம்ளர் எடுத்துச் சூப்பில் விட்டால் சற்றே கெட்டிப்படும். அதில் உப்பு இருப்பதை நினைவில் வையுங்கள்.

செய்தபோது சூப்பாக இருந்தது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கூழ். ஏன்?

அடுப்பை அணைத்தாலும் பாஸ்தா தண்ணீர் குடிப்பதை நிறுத்தாது. 100 கிராம் பாஸ்தா வேகும்போது குடிப்பது ஏறக்குறைய 120 மி.லி. அப்படியே ஊறவிட்டால் இன்னும் அந்த அளவு குடிக்கும். பாத்திரத்தை மூடி வைத்தால் சூடு நின்று இன்னும் வேகமாக நடக்கும். அதோடு, ஆறும்போது கரைந்த மாச்சத்தும் இறுகும்.

சரிசெய்ய, ஒரு கிண்ணம் கூழுக்கு அரைக் கிண்ணம் வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள். உப்பு, மிளகு, எலுமிச்சை மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும், தண்ணீர் சேர்த்ததும் மூன்றும் மங்கிவிடும். பாஸ்தா போன வடிவத்துக்குத் திரும்பாது.

குக்கரில் வைக்கலாமா?

காய்களை மட்டும் வைக்கலாம். காய் வதக்கி, தண்ணீர் ஊற்றி ஒரு விசில், தானாக ஆவி அடங்கியதும் திறந்து, பாஸ்தாவைத் திறந்த குக்கரில் வேகவைப்பது நல்ல முறை. பாஸ்தாவையும் போட்டு மூடுவது நல்லதல்ல. மாச்சத்து நுரைத்து எழும்பி ஆவி போகும் துளையில் ஏறும், துளை அடைத்தால் ஆபத்து. அடைக்காவிட்டாலும் விசிலோடு சூப் அடுப்பெல்லாம் தெறிக்கும். உள்ளே வெந்ததா என்று கடித்துப் பார்க்கவும் வழியில்லை.

கேரட், பீன்ஸ் விலை ஏறிவிட்டது. நாட்டுக்காயில் செய்ய முடியுமா?

தாராளமாக. இங்கிலீஷ் காய் மலையிலிருந்து இறங்கி, மதுரை வந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வருகிறது. தீவுக்கு என்றால் பாலத்தையும் தாண்ட வேண்டும். வந்து சேரும்போது கேரட் வளையும். வளைகிற கேரட்டைத் தோல் சீவாமல் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் விறைத்துக்கொள்ளும், ருசி முழுதாகத் திரும்பாது.

முருங்கைக்காய் இந்தச் சூப்புக்காகவே காய்த்தது போல இருக்கும். இரண்டு காயை விரல் நீளத்துக்கு வெட்டிப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, பிளந்து, ஸ்பூனால் சதையை வழித்தெடுங்கள். கால் டம்ளருக்கு மேல் கிடைக்கும். தக்காளி போடும் நேரத்தில் கலந்தால் இறைச்சிச் சாறு போன்ற ஆழம் வரும். துண்டாகவே போட்டால் ஸ்பூனில் சாப்பிடுகிறவர் சக்கையைத் துப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

பரங்கிக்காய் உருளைக்குப் பதிலாக நிற்கும், கொஞ்சம் இனிக்கும், அதனால் எலுமிச்சையைக் கூட்டுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் மூன்றும் 4 நிமிடத்தில் வெந்துவிடும். பாஸ்தா பாதி வெந்த பிறகு போட வேண்டும், அவை தண்ணீர் விடுவதால் முதலில் ஊற்றும் தண்ணீரில் ஒரு டம்ளர் குறைக்க வேண்டும். சீனியவரைக்காய் பிஞ்சாக இருந்தால் பீன்ஸ் போலவே. முற்றினால் கசக்கும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, அணைப்பதற்கு இரண்டு நிமிடம் முன். வெண்டைக்காய் வழவழக்கும், கத்திரிக்காய் சூப்பைக் கறுப்பாக்கும், பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கும், பாகற்காயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாலும் வேண்டாம்.

தக்காளியை முதலிலேயே வதக்கினால் என்ன? குழம்புக்கு அப்படித்தானே செய்கிறோம்?

புளிப்பு காய்களை இறுக்கும். தக்காளி முதலில் விழுந்தால் உருளையும் கேரட்டும் பயறும் வேக இரட்டை நேரம் பிடிக்கும், அதற்குள் பீன்ஸ் பச்சை மாறிப் பாசி நிறமாகிவிடும். அதனால் மற்றவை வெந்த பிறகே தக்காளி. தோல் சுருண்டு மிதப்பது பிடிக்காவிட்டால் தக்காளியின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, கொதிக்கும் சூப்பிலேயே ஒரு நிமிடம் முழுதாகப் போட்டு எடுத்தால் தோல் உரிந்துவிடும். பிறகு நறுக்கிப் போடலாம்.

நாட்டுத் தக்காளி புளிப்பு அதிகம். அதைப் போட்டால் எலுமிச்சை வேண்டாம். புளிப்பு தூக்கலாகிவிட்டால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி சமன்செய்யும்.

பயறு சேர்த்தால் வயிறு நிறையுமே?

நிறையும். தட்டைப்பயறு இதற்குப் பொருத்தம்: கால் டம்ளர் பயறை இரவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் மாற்றி, உப்பு போடாமல் குக்கரில் 3, 4 விசில். கொண்டைக்கடலை என்றால் 6, 7. வேகவே மாட்டேன் என்கிற பயறுக்குச் சமையல் சோடா ஒரு சிட்டிகை உதவும், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசம் வரும். ராஜ்மாவை அரைவேக்காட்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைகுறையாக வெந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

பயறு சேர்த்தால் பாஸ்தாவை 70 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிளகுக் காரம் போதவில்லை. மிளகாய்த்தூள் போடலாமா?

தூள் போட்டால் நிறம் கலங்கி, வாசம் குழம்புப் பக்கம் போய்விடும். நம் குண்டு மிளகாய் இருக்கும்போது தூள் எதற்கு? புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயின் தோல் கெட்டியானது, எண்ணெயில் சீக்கிரம் கருகாது. இரண்டு மிளகாயைக் காம்பு கிள்ளாமல், உடைக்காமல், எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் போட்டு உப்பும்வரை புரட்டி எடுத்துத் தனியே வையுங்கள். அந்த எண்ணெயிலேயே வெங்காயம் வதக்குங்கள். காரம் வேண்டியவர் பொரித்த மிளகாயைத் தன் கிண்ணத்தில் நொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம், குழந்தையின் கிண்ணத்தில் வாசம் மட்டும் இருக்கும்.

எல்லாம் சரியாகப் போட்டும் வெறும் தண்ணீர் போல இருக்கிறதே?

பெரும்பாலும் வதக்காததால்தான். வெங்காயத்தையும் காயையும் நேராகத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் காய் வெந்த தண்ணீர்தான் கிடைக்கும். அந்த 8 நிமிட வதக்கலில்தான் ருசியே பிறக்கிறது.

அடுத்த வழி, ஊற்றும் தண்ணீரை மாற்றுவது. துவரம்பருப்பு வேகவைத்து இறுத்த தெளிவு இரண்டு டம்ளர், அல்லது வடித்த கஞ்சி ஒரு டம்ளர், தண்ணீரின் அளவிலேயே ஈடுசெய்து சேர்க்கலாம். கஞ்சி ஒரு டம்ளருக்கு மேல் போனால் கெட்டிப்பட்டுவிடும். மல்லித்தண்டு, முட்டைக்கோஸின் நடுத்தண்டு, கேரட் நுனி எல்லாவற்றையும் கழுவி 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தாலும் நல்ல சாறு. கடையில் விற்கும் சூப் க்யூப்பில் பெரும்பகுதி உப்பு. அதைப் போடுகிறீர்கள் என்றால் உங்கள் உப்பைப் பாதிக்கு மேல் குறையுங்கள்.

மிளகை முன்பே இடித்து டப்பாவில் வைத்திருந்தாலும் சூப் செத்துப்போகும். கடல் காற்று ஈரத்தில் இடித்த மிளகு சில நாளிலேயே மணம் விட்டுவிடும்.

பால் ஊற்றினேன், திரிந்துவிட்டது.

தக்காளியும் எலுமிச்சையும் இருக்கும் சூப்பில் பால் திரியத்தான் செய்யும். வெண்மையாக வேண்டுமென்றால் தேங்காய்ப்பால். முதல் பால் அரை டம்ளர், அடுப்பை அணைத்துக் கொதி அடங்கியதும் ஊற்றிக் கலக்குங்கள், பிறகு கொதிக்கவிடக் கூடாது, எண்ணெய் பிரியும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பக்குவம் கைவந்ததுதான்.

இறால் சேர்க்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வரத்துக் குறைந்து வீடுகளில் காய்கறிச் சமையல் கூடும். அந்த நாட்களுக்கு இந்தச் சூப் நல்ல துணை. மற்ற நாட்களில் சிறு இறால் 150 கிராம் போதும். தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிவக்க 3 நிமிடம் வறுத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் அதுவே சூப்பின் தண்ணீர். குடல் நீக்கிய இறாலைக் கடைசி 2, 3 நிமிடத்தில் போடுங்கள். சுருண்டு வெளிர்சிவப்பானால் வெந்துவிட்டது. அதற்குமேல் கொதித்தால் ரப்பர். கடல் இறாலிலேயே உப்பு உண்டு, கடைசி உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

இத்தாலியில் இதை எப்படிச் செய்கிறார்கள்? துளசி போட வேண்டுமா?

அங்கே இதன் பெயர் மினஸ்ட்ரோனே. அதற்கு ஒரே செய்முறை என்று கிடையாது. அந்தப் பருவத்தில் கிடைக்கும் காய், பயறு, சின்ன பாஸ்தா அல்லது அரிசி. அங்கேயும் கடலோர ஊரான ஜெனோவாவில் பேசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த விழுதை ஒரு ஸ்பூன் மேலே வைப்பார்கள்.

பேசில் நம் துளசி அல்ல. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான் அதன் இனம். சப்ஜா விதை தரும் செடி. மணம் இத்தாலி வகையைவிடக் காட்டமாக இருக்கும், நாலு இலை போதும், அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள். விழுது வேண்டுமென்றால் மல்லித்தழை ஒரு கைப்பிடி, வறுத்த நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, பூண்டு ஒரு பல், உப்பு, கடலெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி.

சின்னக் குழந்தைக்கும் சர்க்கரை நோயாளிக்கும் கொடுக்கலாமா?

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்பும் மிளகும் போடாமல் தனியாக வேகவைத்த காயையும் பாஸ்தாவையும் மசித்துக் கொடுங்கள். பாஸ்தா கோதுமைப் பண்டம். கோதுமை ஒவ்வாதவருக்கு ஆகாது. சர்க்கரை உள்ளவருக்கு ஆளுக்கு 25 கிராம் என்பதை 15 ஆக்கி, உருளையை விட்டு, பயறையும் கீரையையும் கூட்டலாம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

பாஸ்தா இல்லை, சேமியா இருக்கிறது.

நெய்யிலோ எண்ணெயிலோ பொன்னிறமாக வறுத்து, கடைசி 3 நிமிடம். 60 கிராம் போதும். வறுக்காமல் போட்டால் கரைந்துவிடும்.

பாக்கெட்டைத் திறந்து வைத்த பாஸ்தாவில் வண்டு வந்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

அரிசி, பருப்புக்குச் செய்வது போல் செய்யாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் பாஸ்தாவின் ஈரம் திடீரென்று இறங்கி மயிரிழை விரிசல் விடும். வேகும்போது அந்த இடத்தில் உடையும். வாங்கியதும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுத்து, ஈரம் முழுவதும் போனபின் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் அவசியம். வண்டு பெருகிவிட்ட பாஸ்தாவைச் சலித்துச் சமைக்க வேண்டாம்.

மீந்ததை வெளியில் வைத்து மறுநாள் சுடவைத்துச் சாப்பிடலாமா?

கூடாது. புளிக்குழம்பை இரவு சுடவைத்து மறுநாள் சாப்பிட்டுப் பழகியிருப்போம். அதைக் காப்பது புளிப்பும் உப்பும். இந்தச் சூப்பில் இரண்டும் குறைவு, மாச்சத்து அதிகம். வெளியில் கிடக்கும் மாவுப் பண்டத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. நம் வெக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிஜ்ஜில் போய்விட வேண்டும். சீக்கிரம் ஆற, அகலமான தட்டுப் பாத்திரத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வையுங்கள். சூப்பும் பாஸ்தாவும் தனித்தனியே இருந்தால் மூன்று நாள் தாங்கும், கலந்திருந்தால் மறுநாளே முடித்துவிடுங்கள்.

இருபது பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் போதுமா?

காயும் பாஸ்தாவும் ஐந்து மடங்கு. தண்ணீர் ஏழரை லிட்டர் வேண்டாம், ஆறரை போதும். பெரிய அண்டாவில் அளவைப் பார்க்க ஆவியாவது குறைவு. உப்பை நாலு மடங்கில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். காயை இரண்டு தவணையாக வதக்குங்கள், ஒன்றாகக் கொட்டினால் வதங்காமல் தண்ணீர் விட்டு வெந்துபோகும். கொதி வரவே 25 நிமிடம் ஆகலாம், விறகடுப்பில் இன்னும் மாறும். அண்டாவின் சூடு சீக்கிரம் இறங்காது, அதனால் பாஸ்தா முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். பந்தி தாமதமாகும் என்று தெரிந்தால் பாஸ்தாவை அண்டாவில் போடவே வேண்டாம். தனியாக வடித்து வைத்து, கிண்ணத்துக்கு இரண்டு கரண்டியாகப் போட்டுச் சூப்பை ஊற்றுங்கள்.